தசைக்குக் கரன்ட் வைக்கும் கருவியில் ஹெர்ட்ஸைக் கூட்டினால் தொடைக்குப் பலம் வருமா?

முட்டி ஜவ்வு ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது, தொடை சூம்பிவிட்டது, வீட்டில் ஈ.எம்.எஸ் கருவி இருக்கிறது, 100 ஹெர்ட்ஸ் வைத்தால் சுள்ளென்று குத்துகிறதே தவிர பலம் ஏறவில்லை, இன்னும் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டாதீர்கள். 50-க்கு இறக்குங்கள். நான் பிசியோதெரபிஸ்ட். இந்த ஒரு தவறான எண்ணம்தான் ஆறு வாரத்தில் தேற வேண்டிய தொடையை ஆறு மாதம் இழுக்கிறது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். பட்டனை அழுத்தியதும் கரன்ட் நிற்காமல் இருபது நிமிடம் ஒரே சீராக ஓடுகிறதா? அப்படியென்றால் நீங்கள் இருப்பது டென்ஸ் மோடில். அது வலி குறைக்க வைப்பது. 80 முதல் 100 ஹெர்ட்ஸ், துடிப்பின் அகலம் (ஒரு துடிப்பு நீடிக்கும் நேரம்) 50 முதல் 100 மைக்ரோ செகண்ட் என்று தோல் நரம்பைக் கிளுகிளுக்க வைக்கும், தொடையை இறுக்காது. பலத்துக்கான மோடில் கரன்ட் சில விநாடி வரும், தசை கட்டையாக இறுகும், பிறகு நீண்ட நேரம் ஓயும்.

ஹெர்ட்ஸ் என்றால் ஒரு விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பதுதான். 10-இல் தசை தனித்தனியாகத் துள்ளும். 20-இல் நடுங்கும். 30, 35-ஐத் தாண்டினால் துள்ளல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே இறுக்கமாகிவிடும். அங்கிருந்து 50, மிஞ்சினால் 80 வரை விசை ஏறும். அதற்கு மேல் எவ்வளவு வைத்தாலும் விசை ஏறாது, சோர்வு மட்டும் ஏறும். 10 விநாடி இறுக்கத்தில் 50 ஹெர்ட்ஸ் என்றால் 500 துடிப்பு, 100 ஹெர்ட்ஸ் என்றால் 1000. தசை இழையைப் பொறுத்தவரை அதே வேலைக்கு இரண்டு மடங்கு அடி.

நாமாகத் தொடையை இறுக்கும்போது மூளை இழைக் கூட்டங்களை முறை போட்டு வேலை வாங்கும். ஒரு கூட்டம் ஓயும், இன்னொன்று இழுக்கும். கருவிக்கு அந்தச் சூட்சுமம் கிடையாது. தோலில் ஒட்டும் பேடுக்குக் கீழே எந்த நரம்புக் கிளை எட்டுகிறதோ அதே இழைகளை, எல்லாவற்றையும் ஒரே நொடியில், ஓய்வே கொடுக்காமல் இழுக்கும். தானாகச் செய்யும் பயிற்சியைவிடக் கரன்ட்டில் தசை சீக்கிரம் துவண்டுபோவது இதனால்தான். உங்கள் தசை பலவீனமானது என்று இதற்கு அர்த்தமில்லை.

"ரஷ்யன் கரன்ட் 2500 ஹெர்ட்ஸ் ஆயிற்றே" என்று யாராவது கீழே எழுதுவார்கள் என்று தெரியும். 1970-களில் சோவியத் யூனியனில் யாகோவ் கோட்ஸ் என்ற ஆய்வாளர் விளையாட்டு வீரர்களுக்குக் கொடுத்தது அந்தக் கரன்ட்தான். ஆனால் அந்த 2500 ஹெர்ட்ஸை விநாடிக்கு 50 பொட்டலமாக வெட்டித்தான் கொடுத்தார். தசை எண்ணுவது பொட்டலத்தை. அவர் முறையில் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று: 10 விநாடி இறுக்கம், 50 விநாடி ஓய்வு, 10 தடவை, அவ்வளவுதான்.

அடுத்தது துடிப்பின் அகலம். கருவியில் 'பல்ஸ் விட்த்' என்று இருக்கும். குத்தல் குறைய இங்கேதான் கை வைக்க வேண்டும். தொடை மாதிரி பெரிய தசைக்கு 250 முதல் 400 மைக்ரோ செகண்ட் வேண்டும்; 300-இல் தொடங்குங்கள். 200 மைக்ரோ செகண்டில் 60 மில்லி ஆம்பியர் தள்ளும் மின்னூட்டத்தை 300-இல் 40 மில்லி ஆம்பியரே தள்ளிவிடும். 400-க்கு மேல் போனால் வலி நரம்புகளும் சேர்ந்து விழித்துக்கொள்ளும், லாபமில்லை. அலை வடிவம் இரு திசையிலும் மாறி மாறிச் சமமாக ஓடும் பைஃபேசிக்காக இருக்கட்டும். ஒரே திசையில் ஓடும் கரன்ட் தோலைப் புண்ணாக்கும்.

மில்லி ஆம்பியருக்கு நான் எண் சொல்ல மாட்டேன். தோலுக்கடியில் கொழுப்பு எவ்வளவு, பேட் எங்கே, தோல் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று ஆளுக்கு ஆள், ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும். "எனக்கு 30-லேயே இறுகுது, அவருக்கு 70 வேணும்" என்பதில் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. பார்க்க வேண்டியது தசை இழுக்கும் விசையை. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கனமான நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியை 60 முதல் 90 டிகிரி மடக்கி, கணுக்காலில் அகலமான பட்டை கட்டி, தராசை அதற்கும் நாற்காலியின் பின்காலுக்கும் நடுவில் மாட்டுங்கள். பட்டை தொய்வில்லாமல் இருக்க வேண்டும், முட்டி நீளவே கூடாது. ஜவ்வு மாற்றியவர்களுக்கு இது கட்டாயம். சர்ஜன் காலை முழு பலத்தில் உதைக்க அனுமதித்திருந்தால் மட்டும், கரன்ட் இல்லாமல் உதைத்துப் பாருங்கள். 20 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இனி நீங்கள் சும்மா இருக்க, கரன்ட் மட்டும் 6 கிலோவாவது இழுக்க வேண்டும். 10 கிலோ இழுத்தால் மிக நல்லது. பலம் ஏறுவது அந்த விகிதத்தைப் பொறுத்தே. தொடையில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தால் அரை மணி நேரம் வைத்தாலும் பலன் இருக்காது. அளவைப் பார்த்து முடித்ததும், ஒவ்வொரு இறுக்கத்தோடும் நீங்களும் சேர்ந்து இறுக்குங்கள், தராசு எண்ணைப் பார்த்துக்கொண்டே.

ஐந்தாறு இறுக்கத்துக்குப் பிறகு கிலோ இறங்கும். அப்போது கைகள் ஹெர்ட்ஸுக்குத்தான் போகும். போகக் கூடாது. ஹெர்ட்ஸ் களைத்த இழையையே மறுபடி அடிக்கும். 2, 3 மில்லி ஆம்பியர் கூட்டினால் இதுவரை தொடப்படாத இழைகள் சேரும். கடைசி இறுக்கம் முதல் இறுக்கத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லையென்றால் ஓய்வு போதவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். 50 விநாடியை 80 ஆக்குங்கள். 10 விநாடி இறுக்கம், 10 விநாடி ஓய்வு என்று ஓடும் மோடைத் தொடவே வேண்டாம்.

ரேம்ப் என்ற ஏற்ற நேரத்தை 2 அல்லது 3 விநாடி வையுங்கள். கரன்ட் சடாரென்று வந்தால் உடம்பு திடுக்கிடும், அந்தப் பயத்திலேயே பாதிப் பேர் மில்லி ஆம்பியரை ஏற்ற மாட்டார்கள். ஒரு சூட்சுமம்: சில கருவிகள் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துத்தான் 10 விநாடி என்கின்றன. ஏற 2, இறங்க 2 போனால் முழு இறுக்கம் 6 விநாடிதான். கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். குறைவாக இருந்தால் 14 விநாடி வையுங்கள்.

குத்தல் என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு பேடில்தான். தொடைக்கு 5-க்கு 9 சென்டிமீட்டர் பேட் வேண்டும். கருவியோடு வரும் சின்ன வட்டப் பேடில் அதே கரன்ட் குறுகிய இடத்தில் நெருக்கியடித்து நுழையும், ஊசி குத்துவதுபோல் இருக்கும். ஒன்றைத் தொடையின் மேல் வெளிப்பக்கம், இன்னொன்றை முட்டிச் சில்லுக்கு நாலு விரல் மேலே உட்பக்கம் திரண்டிருக்கும் தசையில் ஒட்டுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கரன்ட் மேலோட்டமாகத் தோலிலேயே ஓடிவிடும். தைலமோ தேங்காய் எண்ணெயோ தடவிய காலில் ஒட்டாதீர்கள்; சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். முடியைச் சவரம் செய்ய வேண்டாம், கத்தரித்தால் போதும். சவரக் கீறலில் கரன்ட் எரியும். விளிம்பு காய்ந்த பேடைக் கழற்றி, பசைப் பக்கத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீரைத் தேய்த்துப் பாருங்கள். பிறகும் ஓரம் தூக்கிக்கொண்டால் தூக்கிப்போடுங்கள். மூலை கிளம்பிய பேடில் மொத்தக் கரன்ட்டும் ஒட்டியிருக்கும் துண்டு வழியாகவே போகும்.

இதெல்லாம் ஏன் கருவியோடு வரும் தாளில் இல்லை என்று எனக்குத் தீராத கோபம். மோடு 1 முதல் மோடு 12 வரை, பக்கத்தில் ஓடுகிற மனிதன் படம். எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை மைக்ரோ செகண்ட் என்று ஒரு வரி கிடையாது. எண் போடாத கருவியை வாங்கவே வாங்காதீர்கள். சிகிச்சை நிலையங்களிலும் பேடை ஒட்டிவிட்டு இருபது நிமிடம் ஆளைத் தனியே விட்டுப் போகிறார்கள். பக்கத்தில் நின்று ஏற்ற ஆளில்லாத கரன்ட்டால் தொடை தேறாது. என் தொழிலைக் குறைசொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும்.

வாரம் மூன்று நாள், நாளுக்கு 10 முதல் 15 இறுக்கம் போதும். முதல் வாரம் பாதி விசையில் வையுங்கள். மறுநாள் தொடை அடித்துப்போட்டதுபோல் வலிக்கும், அது இயல்பு. மூத்திரம் காப்பித் தண்ணீர் நிறத்தில் போனால் இயல்பல்ல, தசை சிதைகிறது என்று அர்த்தம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உடம்பு முழுவதும் சட்டை மாதிரி மாட்டி முதல் நாளே முழு வேகத்தில் வைப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். முட்டிக்குள் உலோகம் இருப்பது தடையல்ல. பேஸ்மேக்கர் இருந்தால் கூடாது. ரத்தக்கட்டு உள்ள காலிலும், உணர்ச்சி மரத்த தோலிலும், புற்றுநோய்க் கட்டியின் மேலும் கூடாது. கழுத்தின் முன்பக்கத்திலும், மார்புக்குக் குறுக்கேயும், கர்ப்பிணியின் வயிற்றிலும் ஒட்டக் கூடாது.

300 மைக்ரோ செகண்ட், 50 ஹெர்ட்ஸ், பெரிய பேட் வைத்து மில்லி ஆம்பியரை நன்றாக ஏற்றியும் தசை அசையவே இல்லை, நல்ல காலில் அதே அளவில் அசைகிறது என்றால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். நரம்பு அறுந்த தசைக்கு மைக்ரோ செகண்ட் போதாது, மில்லி செகண்ட் கணக்கில் துடிப்பு வேண்டும். வீட்டுக் கருவியால் அது முடியாது. கருவியை ஓரமாக வைத்துவிட்டு நரம்புப் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.