மண்மேட்டின் முன்னால் பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

நான் சங்கரன்கோவில் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அண்மையில் கயத்தாறுக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் அழைத்துச் சென்றோம். நினைவுக்கோட்டையைச் சுற்றிப் பார்த்து, உள்ளே இருக்கும் ஓவியங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அப்போது ஒரு மாணவன், “டீச்சர், இது கட்டபொம்மன் கட்டுன கோட்டையா?” என்று கேட்டான். 1974இல் அரசு கட்டியது என்றேன். “அப்ப நெசக் கோட்டை எங்க?” என்றான். பழைய கோட்டையின் எச்சமான மண்மேட்டைக் காட்டியபோது எல்லார் முகத்திலும் ஏமாற்றம். பார்க்க ஒன்றும் மிஞ்சாத இடத்துக்கு வெயிலில் பிள்ளைகளைக் கூட்டிப் போனதற்கு, குற்றாலத்துக்கே போயிருக்கலாம் என்கிறார்கள் உடன் வந்த ஆசிரியர்கள். உங்கள் கருத்து என்ன?

இப்படிக்கு,
தங்கள் வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

பாஞ்சாலங்குறிச்சியில் கேட்கவேண்டிய கேள்வியையே உங்கள் மாணவன் கேட்டிருக்கிறான். அந்தக் கோட்டை காலத்தால் தேய்ந்து மறைந்ததன்று. அது இருந்த தடமே தெரியக்கூடாது என்று கும்பினியார், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார், திட்டமிட்டு அழித்தது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் படையெடுத்து வந்தார், அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார், கோட்டை இடிக்கப்பட்டது. நம் பாடப்புத்தகங்களும் சுற்றுலாக்களும் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு, ஏனென்றால் இதைவிடப் பெரிய போர் அதற்குப் பிறகுதான் நடந்தது.

1801 பிப்ரவரி 2ஆம் நாள் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் அவருடைய கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். கும்பினிப் படையின் பெரும்பகுதி அப்போது உங்கள் சங்கரன்கோவிலில்தான் தங்கியிருந்தது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், தங்கள் ஊர்த் தெருக்களை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். செய்தி கேட்டுப் படை திரண்டு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து சேர்ந்தபோது, ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள், தரைமட்டமாகக் கிடந்த கோட்டை மறுபடி எழுந்து நின்றது. மண்ணால் கட்டியதால்தான் அது முடிந்தது. கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கையும் மண்வெட்டியும் தண்ணீரும் உள்ள ஊரே அதைக் கட்டிவிடும்.

அந்த மண்சுவரை மார்ச் 31ஆம் நாள் பீரங்கிகளோடு தாக்கியும் கும்பினிப் படையால் உள்ளே நுழைய முடியவில்லை. பெரும் படை சேர்த்துக்கொண்டு கர்னல் அக்னியூ வந்து மே 24ஆம் நாள் கோட்டையைப் பிடித்த பிறகுதான், முன்பு பீரங்கியால் உடைந்த சுவர்ப்பகுதியில் ஏறிய தங்கள் வீரர்கள் எப்படிச் செத்தார்கள் என்பதே அவர்களுக்குப் புரிந்தது. சுவரின் உச்சியில் கால் ஊன்ற இடமில்லை. உட்புறம் தாழ்வாக நின்றிருந்தவர்கள், மேலே தலை காட்டியவர்களை நீண்ட ஈட்டிகளால் குத்தித் தள்ளியிருக்கிறார்கள். இதை எழுதி வைத்தவர் எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி. காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரை தப்பிய கதையையும் அவரே சொல்கிறார். மகனைத் தேடிப் போர்க்களத்துக்கு வந்த ஒரு தாயிடம், உயிர் போகும் நிலையில் இருந்த அந்த மகன், தன்னை விட்டுவிட்டுச் சாமியை, அதாவது ஊமைத்துரையை, காப்பாற்றும்படி சொல்லியிருக்கிறான். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றார்கள். கும்பினியின் பக்கம் நின்று தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களைக் கண்டதும் வெள்ளைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்த பிள்ளை என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் அம்மைக்கு அஞ்சி விலகிப் போனார்கள். இந்தப் பக்கத்தை அந்த மேட்டின் அருகே நின்று பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அதே ஊமைத்துரையை நவம்பர் 16ஆம் நாள் அதே பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம்.

நினைவுக்கோட்டையை நான் குறை சொல்லமாட்டேன். அங்கே வழிபடவும் வணங்கவும் வருகிற மக்களுக்கு அது வேண்டும். கயத்தாறில் நடிகர் சிவாஜி கணேசன் நிலம் வாங்கிச் சிலை வைத்ததும் அந்த அன்பினால்தான். ஆனால் ஆசிரியர் முதலில் பிள்ளைகளை நிறுத்தவேண்டிய இடம் பழைய மேடு. நினைவுக்கோட்டை அதற்குப் பிறகு போதும். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தது என்பதைச் சொல்லி, தரையைக் கூர்ந்து பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் கட்டாயம் பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில், 1799, 1801 சண்டைகளில் மாண்ட வெள்ளைக்கார அதிகாரிகளின் கல்லறைகள் உள்ளன. சுற்றுலாப் பேருந்துகள் அங்கே நிற்பதில்லை. எதிரியின் கல்லறையைப் பிள்ளைகளுக்கு ஏன் காட்டவேண்டும் என்று யாராவது கேட்கலாம். அந்தக் கோட்டையை வெல்வதற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதற்கு வென்றவர்களே விட்டுச்சென்ற சாட்சி அது. கும்பினிக்காகச் செத்த நம் ஊர்ச் சிப்பாய்களுக்கு அங்கே பெயர் பொறித்த கல் கிடையாது. கோட்டைக்குள் செத்தவர்களுக்கும் கிடையாது. இதைப் பிள்ளைகள் தாங்களாகவே கவனிக்கட்டும்.

அடுத்த முறை உங்கள் அருகிலிருந்தே தொடங்குங்கள். கட்டபொம்மனுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தையது நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரின் போர். 1755இல் கர்னல் ஹெரான் கப்பம் கேட்டு வந்து வாங்க முடியாமல் திரும்பிய ஊர் அது. வாசுதேவநல்லூரும் மண்கோட்டைதான். 1767இல் அதை முற்றுகையிட்ட டொனால்டு கேம்பல், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே உள்ளே இருந்தவர்கள் உடைப்பை வைக்கோலாலும் பனந்துண்டுகளாலும் அடைத்ததைக் கண்டு வியந்து எழுதினார். பாளையங்கோட்டையில் மட்டும் கல் மிஞ்சியிருக்கிறது. மேடைக் காவல் நிலையம் என்று ஊரார் சொல்லும் மேற்கு வாசலைக் காட்டி, ஊமைத்துரையின் கதையை அங்கே தொடங்கினால் பாஞ்சாலங்குறிச்சி தானாகவே பொருள்படும்.

கரிசல் வெயிலில் பிள்ளைகளால் நின்று கேட்க முடியாது. தை மாதத்தில் காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள், தண்ணீர் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். உடன் வரும் ஆசிரியர்களுக்குக் குற்றாலம்தான் வேண்டுமென்றால் சாரல் காலத்தில் நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் பார்த்துவிட்டு, மாலையில் தென்காசி வழியாக அருவிக்குப் போய்விடலாம்.

அன்புடன்.