பதிப்பகங்களுக்கு இணையதளம் அமைத்துப் பராமரிப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்டு வாழ முடியுமா?

முடியும். நான் சென்னையில் இருந்துகொண்டு பெரும்பாலும் தமிழ்ப் பதிப்பகங்களுக்காகவே இந்த வேலையைச் செய்து வருகிறேன். குடும்பச் செலவும் இதிலிருந்துதான் நடக்கிறது. ஆனால் வடிவமைப்பாளராக இதற்குள் வருகிறவர், வடிவமைப்பு இதில் சிறு பங்குதான் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். முகப்புப் பக்கம், நிறம், எழுத்துரு எல்லாம் சில வாரங்களில் முடிவாகிவிடும். அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் நம் கையில் இருக்கப்போவது அந்தப் பதிப்பகத்தின் நூற்பட்டியல். அதைச் சரியாக வைத்திருப்பவரைப் பதிப்பாளர்கள் எளிதில் விடுவதில்லை.

நூற்பட்டியல் என்றதும் நூலின் பெயர், ஆசிரியர், விலை என்று மூன்று கட்டங்கள்தானே என்று தோன்றும். நடைமுறையில் பின்னட்டைக் குறிப்பிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. பழைய நூல்களின் கோப்புகள் பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அவற்றை இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றித்தான் தளத்தில் ஏற்ற முடியும். பாமினியில் ஔகார எழுத்துகளை ஒற்றைக் கொம்பு, ‘ப’ போன்ற அகர உயிர்மெய், ‘ள’ என்ற வரிசையில் அடிப்பார்கள். ஆகவே மாற்றும்போது ‘பௌத்தம்’ என்ற சொல் பல நேரங்களில் ‘பெளத்தம்’ என்று, அதாவது ‘பெ’, ‘ள’ என இரண்டு தனி எழுத்துகளாக வந்து உட்கார்ந்துவிடும். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. வாசகர் தேடல் பெட்டியில் ‘பௌத்தம்’ என்று சரியாக அடிப்பார். அந்தப் பதிப்பகம் பௌத்தம் பற்றி எத்தனை நூல்கள் வெளியிட்டிருந்தாலும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றே தளம் சொல்லும். ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றால் ‘தெளிவு’ கெட்டுப்போகும். ‘ள’வுக்குப் பிறகு உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடாதே என்று விதி எழுதினால் ‘தெளிவு’ தப்பிக்கும். வட்டார வழக்குக் கதைகளில் வரும் ‘வெளக்கமாறு’ மாட்டிக்கொள்ளும். கடைசியில் ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துப் பார்த்தே தீர வேண்டும். அந்த மனிதர் தமிழ் படிக்கத் தெரிந்த வலை வடிவமைப்பாளராக இருப்பது பதிப்பகத்துக்குப் பெரிய பலம். இத்துறையில் நமக்கு நிலையான இடம் கிடைப்பதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

ஆசிரியர் பெயர் அடுத்தது. உ. வே. சாமிநாதையரின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்: உ.வே.சா., சாமிநாத ஐயர், டாக்டர் உ.வே.சாமிநாதையர் என்று ஒவ்வோர் அட்டையிலும் ஒவ்வொரு விதமாக அச்சாகியிருக்கும். தலைப்பெழுத்துக்குப் பின் ஓர் இடைவெளி விட்டாலும் விடாவிட்டாலும் கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். அட்டையில் உள்ளபடி காட்டுவதற்கு ஒரு கட்டம், எல்லா வடிவங்களையும் ஒருவரோடு இணைப்பதற்குத் தனியாக ஓர் ஆசிரியர் பதிவு என்று தொடக்கத்திலேயே பிரித்து வைக்காத தளத்தில், பட்டியல் ஆயிரத்தைத் தாண்டியதும் ஒழுங்கைக் கொண்டுவருவது மிகவும் கடினம்.

நூல்களுக்கு உலக அளவில் தரப்படும் ஐ.எஸ்.பி.என். எண்ணையே நூலின் அடையாளமாக வைத்துத் தரவுத்தளம் அமைக்க வேண்டாம். அது 2007ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் 10 இலக்கத்திலிருந்து 13 இலக்கமானது. பழைய எண்ணுக்கு முன்னால் 978 சேர்த்தால் மட்டும் போதாது, கடைசி இலக்கத்தையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். அந்த எண்ணே இல்லாத தமிழ் நூல்களும் ஏராளமாக உண்டு. வரியையும் வகைவாரியாகப் பிரித்து வையுங்கள்: அச்சு நூலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மின்னூலுக்கு உண்டு.

ஜனவரி மாதத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்கள் சங்கமான பபாசி 1977 முதல் நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சிதான் பெரும்பாலான தமிழ்ப் பதிப்பகங்களின் ஆண்டை வகுக்கிறது. டிசம்பர் பாதியிலிருந்து புதிய நூல்கள் குவியும். அச்சகத்திலிருந்து பிரதி வருவதற்கு முன்பே முன்பதிவு திறந்தாக வேண்டும். விலை முடிவாகியிருக்காது, அட்டையும் மாறும். “தம்பி, அந்த அட்டை வேண்டாம். புதுசு அனுப்பியிருக்கேன், உடனே மாத்திடுங்க” என்று இரவு பதினொரு மணிக்குப் பதிப்பாளர் அழைப்பார். அவரும் அதே நேரத்தில் அச்சகத்தில்தான் நின்றுகொண்டிருப்பார். அந்த வாரங்களில் தளத்தின் அமைப்பில் கைவைக்கவே கூடாது. செருகுநிரல் (தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) புதுப்பிப்பு, ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் சேவை) மாற்றம் எல்லாவற்றையும் நவம்பருக்குள் முடித்துவிட வேண்டும்.

இந்தத் தொழிலில் நான் மிகவும் வருந்திப் பார்த்த ஒன்று டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, தொடர்பானது. ஒரு பதிப்பகத்தின் டொமைனை முன்பு வேலை செய்தவர் தம்முடைய பெயரிலும் தம்முடைய மின்னஞ்சலிலும் பதிவு செய்திருந்தார். அவர் வேறு ஊருக்குப் போய்த் தொடர்பு விட்டுப்போனதும் புதுப்பிக்க ஆளில்லாமல் அது காலாவதியானது, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். பல ஆண்டுகளாக விலைப்பட்டியலிலும் நூல்களின் பின்னட்டைகளிலும் அச்சான முகவரி அது. அச்சானதைத் திரும்பப் பெற முடியாது என்பதால்தான் பதிப்பகத்துக்கு இந்த இழப்பு மற்ற கடைகளுக்கு நேர்வதைவிடக் கடுமையானது. டொமைன், ஹோஸ்டிங், இணையத்தில் பணம் பெறுவதற்கான பேமெண்ட் கேட்வே மூன்றும் பதிப்பகத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். நாளை நம்மை விட்டுவிட்டு வேறொருவரிடம் போவார்களோ என்று அஞ்சிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்வது நேர்மையான தொழில் ஆகாது.

வருமானத்துக்கு வருகிறேன். தளம் அமைக்கும் கட்டணத்தை மட்டும் நம்பினால் இதில் நிலைக்க முடியாது. சிறு பதிப்பகங்களால் பெருந்தொகை தர இயலாது, தளமும் அடிக்கடி மாறாது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்தான் சோறு போடுகிறது. அதில் சர்வர் பராமரிப்புக்கு ஒரு தொகை, நூற்பட்டியல் வேலைக்கு ஒரு தொகை என்று பிரித்தே எழுதுங்கள். புதிய நூல் சேர்ப்பது, மறுபதிப்பின் விலையை மாற்றுவது, அச்சில் இல்லாததைக் குறிப்பது ஆகியவை அந்த இரண்டாவது தொகைக்குள் வரும். பிரிக்காமல் விட்டால் அந்த வேலை முழுவதும் இலவச உதவியாகவே எண்ணப்படும். தொடங்குவதற்கு, ஐம்பது அறுபது நூல்கள் மட்டுமே உள்ள ஒரு சிறு பதிப்பகத்தைத் தேர்ந்தெடுங்கள். அவர்களுடைய விலைப்பட்டியலை வாங்கி, தளத்தைப் பற்றிப் பேசும் முன், அதை ஒரு முறை முழுவதுமாகத் திருத்திக் கொடுங்கள்.