பழைய கடிகாரம், புது ரிக்: ஹாம் (அமெச்சூர் ரேடியோ) வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவிலிருந்து மகன் 'அணுக் கடிகாரம்' வாங்கி வந்தான். நாலு ராத்திரி ஜன்னலோரம் வைத்தும் நேரம் தானாகத் திருந்தவில்லை. பழுதா? (கோவை)

பழுதில்லை. கொலராடோவில் உள்ள டபிள்யூ.டபிள்யூ.வி.பி. நிலையம் 60 கிலோஹெர்ட்ஸில் அனுப்பும் குறியீட்டைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் கடிகாரம் அது. அந்தச் சிக்னல் நம் ஊரில் அதற்கு எட்டாது. உள்ளே இருப்பது சாதாரண குவார்ட்ஸ்தான்; கையால் நேரம் வைத்துப் பயன்படுத்துங்கள். மாதத்துக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் தவறும்.

110 வோல்ட் மோட்டாரில் ஓடும் பழைய 24 மணி நேரக் கடிகாரம் வாங்கினேன். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் மெதுவாக ஓடுகிறது. எண்ணெய் விடலாமா? (திருச்சி)

எண்ணெய் வேண்டாம். பின்பக்கத் தகட்டில் 60 சைக்கிள் என்று இருக்கும், படித்துப் பாருங்கள். நம் மின்சாரம் 50 சைக்கிள். மணிக்கு 10 நிமிடம், நாளுக்கு 4 மணி நேரம் பின்தங்கத்தான் செய்யும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், சைக்கிளை மாற்றாது. கிரிஸ்டல் ஆஸிலேட்டரில் 60 சைக்கிள் உண்டாக்கி, சின்ன ஆம்ப்ளிஃபையர் வழியாக ஓட்டலாம். சில வாட்தான் தேவைப்படும். தகட்டைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

புது ரிக் (ரேடியோ செட்), புது ஆன்டெனா. கம்ப்யூட்டர் வழியாகப் பேசும் எஃப்.டி.8 முறையில் ஒன்றும் டிகோட் ஆகவில்லை. ரிக்கை மாற்றிவிடவா? (சேலம்)

நேர வித்தியாசத்தைக் காட்டும் டி.டி. என்ற பத்தியில் என்ன எண் வருகிறது, திரையில் கோடுகள் தெரிகின்றனவா, எதையும் எழுதவில்லை. ரிக்கை மாற்றும் யோசனை மட்டும் வந்துவிட்டது. கோடுகள் தெரிந்தும் எழுத்து வராவிட்டால் முதலில் கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பாருங்கள். எஃப்.டி.8 எல்லாம் 15 விநாடிக் கட்டங்களில் நடக்கிறது. உங்கள் கடிகாரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். வருகிற ஒன்றிரண்டு நிலையங்களும் டி.டி.யில் ஒரே பக்கமாக 1.5, 1.8 விநாடி என்று காட்டினால் தவறு உங்கள் கடிகாரத்தில்தான்.

லாக்கை (தொடர்புப் பதிவேட்டை) யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில்தான் எழுத வேண்டுமா? நான் இந்திய நேரத்தில் எழுதிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்கிறேன். ஆனால் பல தொடர்புகள் உறுதியாகவில்லை. (மதுரை)

ஆமாம், யூ.டி.சி.யில்தான். இந்தக் கேள்விக்கு எத்தனை முறை எழுதினாலும் மறுபடி வருகிறது. 'பிறகு மாற்றிக்கொள்கிறேன்' என்பவர்களின் லாக் முழுதும் சரியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஐந்தரை மணியைக் கழிக்க எல்லாருக்கும் தெரியும், தேதியைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஜனவரி 1 அதிகாலை 3 மணிக்குப் பிடித்த நிலையம் யூ.டி.சி.யில் டிசம்பர் 31, 21:30. நாள், மாதம், வருஷம் மூன்றும் மாறிவிட்டன. தொடர்புகளை உறுதிசெய்யும் இணையச் சேவையான எல்.ஓ.டி.டபிள்யூ.வில் இரு பக்கப் பதிவும் அரை மணிக்குள் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அந்தத் தொடர்பு உங்கள் கணக்கில் ஏறாது. எதிர்முனைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பல நாட்டு ஹாம்களுக்கு மணி முள் மட்டும்தான் வேறுபடும், நிமிட முள்ளை அப்படியே படித்துவிடலாம். நமக்கு அந்த அரை மணியால் நிமிடமும் மாறுகிறது. நடு ராத்திரி, பலர் ஒரே நேரத்தில் கூப்பிடும் பைல்-அப்புக்கு நடுவே, தூக்கக் கலக்கத்தில் மனக்கணக்கு போட்டால் தப்பு வரும்.

காலமான நண்பர் ஒருவரின் லாக் புத்தகங்களை அவர் வீட்டார் என்னிடம் கொடுத்தார்கள். இருபது வருஷத்துக்கு மேற்பட்ட பதிவுகள், முத்து முத்தான கையெழுத்து. தொடக்கத்தில் இந்திய நேரம், கடைசியில் யூ.டி.சி. எந்தப் பக்கத்தில் மாறினார் என்று ஒரு குறிப்பும் இல்லை. நடுவில் உள்ள நூற்றுக்கணக்கான தொடர்புகளை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. அந்தப் புத்தகங்களைத் திறக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

300 ரூபாய் சுவர்க் கடிகாரம் போதும். யூ.டி.சி. நேரம் வைத்து, கீழே 'யூ.டி.சி.' என்று எழுதி ஒட்டி, ரிக்குக்கு நேர் மேலே மாட்டுங்கள். வீட்டில் யாரும் அதைத் 'திருத்தி' வைக்காதபடி சொல்லிவையுங்கள். தேதி காலை 5:30க்குத்தான் மாறும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

குஜராத்தின் அலாங்கில் உடைத்த கப்பலிலிருந்து வந்த கடிகாரம். முகப்பில் சிவப்பும் பச்சையுமாகப் பட்டைகள். எதற்கு? (தூத்துக்குடி)

கப்பல் ரேடியோ அறைக் கடிகாரம் அது. சிவப்புப் பட்டை 15-18, 45-48 நிமிடங்களைக் காட்டும். அந்த மூன்று மூன்று நிமிடம் 500 கிலோஹெர்ட்ஸில் எல்லாக் கப்பலும் வாயை மூடிக்கொண்டு, யாராவது மெலிதாக எஸ்.ஓ.எஸ். அடிக்கிறார்களா என்று கேட்க வேண்டும். பச்சை 0-3, 30-33. குரல் அழைப்புக்கான 2182 கிலோஹெர்ட்ஸுக்கு. ஓரத்தில் நாலு விநாடிக் கோடுகள் இருந்தால், தானியங்கி அபாய மணியை அடிக்கவைக்கும் நீண்ட கோடுகளைக் கையால் அனுப்ப அவை அளவு. 1999 பிப்ரவரியில் புது அபாய அழைப்பு முறை முழுதாக நடைமுறைக்கு வந்ததும் இதன் வேலை முடிந்தது. எத்தனையோ பேர் உயிரைக் காத்த ஏற்பாடு, ஐயா. முகப்புக்குப் புதுப் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள்.

பரணில் 20 வருஷம் கிடந்த எஃப்.டி.-101 ரிக். சுவிட்ச் போடலாமா? எஃப்.டி.8 ஓடுமா? (நாகர்கோவில்)

நேராக 230 வோல்ட்டில் செருகாதீர்கள். முதலில் பின்பக்கத் தகட்டைப் படித்து, எத்தனை வோல்ட்டுக்கு இணைத்த செட் என்று பாருங்கள். காய்ந்துபோன கண்டன்சர் வெடிக்கும். வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் மெல்ல ஏற்றுங்கள். இல்லையென்றால் 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போடுங்கள், எல்.இ.டி. பல்பு உதவாது. உள்ளே 600 வோல்ட் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். டிஸ்சார்ஜ் செய்யாமல் கை வைக்காதீர்கள். எஃப்.டி.8 ஓடும்: அரை மணி சூடாகவிட்டு, 30 வாட்டுக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் 12 விநாடிக்கு மேல் முழு கேரியர் போகிறது. பவர் வால்வு தாங்காது.

ஐசி-751 ரிக் மலிவாக வருகிறது, வாங்கலாமா? (சென்னை)

ராம் போர்டு பேட்டரியை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். அது செத்தால் ரிக்கை இயக்கும் புரோகிராமே அழிந்துவிடும்.

கடிகாரச் சிப்பில் எது நல்லது, டி.எஸ்.1307-ஆ, டி.எஸ்.3231-ஆ? (ஈரோடு)

3231. வருஷத்துக்கு ஒரு நிமிடம்தான் தவறும்.

இன்டர்நெட் இல்லாத மலையில் நேரம் எப்படிச் சரிபார்ப்பது? (ஊட்டி)

ஜி.பி.எஸ். மாட்யூல் சிறந்தது. இல்லாவிட்டால் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் தேடுங்கள், நேரம் அறிவிக்கும் சீனாவின் பி.பி.எம். நிலையத்தின் டிக் கிடைக்கும். 25-29, 55-59 நிமிடங்களில் மட்டும் அதை நம்பித் திருத்தாதீர்கள். அப்போது அது அனுப்புவது யூ.டி.சி. அல்ல, பூமியின் சுழற்சியை ஒட்டிய யூ.டி.1 நேரம்.