லான்சரோத்தே தீவில் கடற்கரையை விட்டு உள்ளே இருக்கும் அமைதியான கிராமம் ஒன்றில் மூன்று நாள் தங்கலாமா? அங்கே பார்க்க ஏதாவது இருக்குமா?

தாராளமாகத் தங்கலாம். எந்த ஊர் என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்லும் பெயர் மான்ச்சா பிளாங்கா. தீவின் மேற்குப் பக்கம், தினாஹோ நகராட்சியில் வரும் சின்ன ஊர். 'வெள்ளைத் திட்டு' என்று பொருள். விமான நிலையத்திலிருந்து காரில் அரை மணி நேரம், கொஞ்சம் கூடலாம். பார்க்க ஏதாவது இருக்குமா என்ற கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். இங்கே குளிர்காலம் வந்தால் பாதிப் பேர் வெயில் தேடி ஸ்பெயினின் கனேரித் தீவுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள், லான்சரோத்தே அதில் ஒன்று. அப்படித்தான் முதல் முறை நானும் போனேன். கடற்கரை விடுதியில் தங்கி, திமன்ஃபாயா எரிமலைப் பூங்காவுக்கு ஒரு நாள் சுற்றுலாப் பேருந்தில் போய்விட்டுத் திரும்பும்போது இந்த ஊர் ஜன்னலில் வந்து போனது. வெள்ளை வீடுகள், பச்சைக் கதவுகள், ஒரு தேவாலயம், அப்புறம் கன்னங்கரேல் என்று வயல்கள். அந்தக் கறுப்பில் பச்சையாக ஏதோ வரிசை வரிசையாக முளைத்திருந்தது. பேருந்து நிற்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, ஒரு பிப்ரவரி மாதம், ஊரிலிருந்து அப்பா வந்திருந்தபோது அவரையும் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே நான்கு இரவு தங்கினேன்.

போவதற்கு முன் ஒரு கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது சும்மா ஒரு வெள்ளை ஊராகத்தான் தெரியும்.

1730 செப்டம்பர் 1. இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் திமன்ஃபாயா என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் பூமி பிளந்தது. பக்கத்து ஊரான யாய்சாவின் பங்குத்தந்தை ஆந்திரேஸ் லொரென்சோ குர்பேலோ அன்றிலிருந்து நடந்ததையெல்லாம் எழுதி வைத்தார். அந்தக் குறிப்புகள் இல்லையென்றால் எந்த ஊர் எப்போது போனது என்று நமக்குத் தெரிந்திருக்காது. வெடிப்பு ஒரு வாரம், ஒரு மாதம் என்று அடங்கவில்லை. 1736 ஏப்ரல் 16 வரை, ஐந்தரை வருடத்துக்கும் மேல், விட்டு விட்டுத் தொடர்ந்தது. தீவின் மொத்தப் பரப்பே 845 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். அதில் ஏறக்குறைய கால்வாசி எரிமலைக் குழம்புக்கும் சாம்பலுக்கும் அடியில் போனது. தானியம் விளைந்த நல்ல நிலம் எல்லாம் அதில் அடக்கம். தீவை விட்டு யாரும் வெளியேறக் கூடாது என்று முதலில் உத்தரவு இருந்தது. ஆனால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? கடைசியில் குர்பேலோவே தன் பங்கு மக்களோடு கிரான் கனேரியா தீவுக்குக் கப்பல் ஏறினார்.

அந்தக் குழம்பு வந்து நின்ற கரையில்தான் மான்ச்சா பிளாங்கா இருக்கிறது. இதை நான் வரைபடத்தில் பார்த்திருந்தேன். ஆனால் காலையில் வீட்டை விட்டு இறங்கி ஊர் எல்லைவரை நடந்து போய் நின்றபோதுதான் உறைத்தது. இந்தப் பக்கம் உழுத வயல், கல் அடுக்கிய வரப்பு. அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டியவரை கொதித்துக் கொதித்து அப்படியே இறுகிப்போன கல். அதற்குள் ஒரு அடி எடுத்து வைக்கச் சமமான இடம் கிடையாது. கிட்டத்தட்ட முந்நூறு வருடம் ஆகியும் அதன் மேல் பெரிதாக எதுவும் முளைக்கவில்லை. குனிந்து பார்த்தால் வெளிறிய சாம்பல் நிறத்தில் பொருபொருவென்று ஏதோ ஒட்டியிருக்கும். நம் மசாலாவில் போடும் கல்பாசி இருக்கிறதே, அந்த வகைதான். அதைப் பார்த்தபோது எனக்கு ஏனோ மிகவும் சந்தோஷமாக இருந்தது.

ஊர்க்காரர்களிடம் குழம்பு ஏன் இங்கே நின்றது என்று கேட்டால் தேவாலயத்தைக் காட்டுவார்கள். குழம்பு நெருங்கி வந்தபோது மக்கள் வியாகுல மாதாவின் படத்தைச் சுமந்துகொண்டு ஊர்வலமாக எதிரே போனார்களாம். ஒருவர் குழம்புக்கு முன்னால் சிலுவையை நட்டாராம். அந்த இடத்தோடு அது நின்றுவிட்டது. காப்பாற்றினால் கோயில் கட்டுகிறோம் என்று வேண்டிக்கொண்டவர்கள், ஆபத்து நீங்கியதும் அதை மறந்துபோனார்கள். பல வருடம் கழித்து ஆடு மேய்த்த ஒரு சிறுமிக்கு மாதா காட்சி கொடுத்து, சொன்னதைச் செய்யச் சொன்ன பிறகுதான் கோயில் எழும்பியது என்பது கதை. இன்று அந்த மாதா தீவு முழுவதற்கும் காவல். 'எரிமலைகளின் மாதா' என்றே அழைக்கிறார்கள். கறுப்பு அங்கி போட்ட சுரூபம். 1824 ஜூலை 31 அன்று தீவில் மறுபடி எரிமலை வெடித்து, அந்த அக்டோபரில் இந்த ஊர்ப் பக்கத்திலேயே புது வாய் திறந்தபோதும் இந்த மாதாவிடம்தான் ஓடினார்கள்.

நான் போன நாளில் கோயிலுக்குள் ஒரே ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். வெளியே காற்று சன்னலை ஆட்டிக்கொண்டே இருந்தது. செப்டம்பர் 15-ஐ ஒட்டிப் போனால் இந்தக் காட்சி கிடைக்காது. அப்போது திருவிழா. தீவின் நாலா பக்கத்திலிருந்தும் பாரம்பரிய உடை உடுத்திக்கொண்டு ஜனங்கள் நடந்தே வருவார்கள், கைவினைச் சந்தையும் அங்கேயே கூடும். அது வேறு அனுபவம். நீங்கள் அமைதி வேண்டும் என்று கேட்டதால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

சரி, அந்தக் கறுப்பு வயல். நான் மறுபடி போனதே அதற்காகத்தான்.

லான்சரோத்தேயில் வருடத்துக்கு 150 மில்லிமீட்டர் மழை பெய்தாலே அதிகம். ஆறு கிடையாது. வடகிழக்கிலிருந்து காற்று ஓயாமல் அடிக்கும். இப்படிப்பட்ட இடத்தில் வெங்காயம், மைசூர்ப் பருப்புக்கு உறவான பயறு, பூசணி, தர்ப்பூசணி எல்லாம் பாசனமே இல்லாமல் விளைந்திருக்கின்றன. நாங்கள் தங்கிய வீட்டுக்காரரின் தோட்டத்தில் வெங்காயம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. தரை முழுக்கப் பட்டாணி அளவு கறுப்புச் சரளை. எரிமலை கக்கிய சரளைதான். மற்றத் தீவுகளில் 'பிக்கோன்' என்கிறார்கள், இங்கே 'ரோஃபே'. கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி கனமே இல்லை, உள்ளே எல்லாம் ஓட்டை.

அப்பா கொங்குப் பக்கம் நாற்பது வருடம் விவசாயம் பார்த்தவர். அதுவரை எரிமலை, கடல் எதையும் பெரிதாகப் பேசாமல் வந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்போரம் உட்கார்ந்துவிட்டார். சரளையை விரலால் ஒதுக்கினார். மேலே சுடச்சுட, உலர்ந்து, ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டது. ஒரு சாண் உள்ளே போனதும் நிறம் மாறியது. பழுப்பு மண். அதைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்.

"கண்ணு, ஈரம் பாரு. மழ எப்பப் பேஞ்சுதாம்?"

வீட்டுக்காரரிடம் என் அரைகுறை ஸ்பானிய மொழியில் கேட்டேன். ஐந்து வாரம் ஆகிறது என்றார்.

"மூடாக்கு" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

அதேதான். நாம் வைக்கோலும் சருகும் போட்டு மூடாக்கு செய்வதை அவர்கள் எரிமலைச் சரளையில் செய்கிறார்கள். மழைத்தண்ணீரை உடனே உள்ளே விட்டுவிடும். வெயிலுக்கு ஆவியாகிப் போக விடாது. இரவில் காற்றில் இருக்கும் ஈரத்தையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். இதை யாரும் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டுபிடிக்கவில்லை. 1730-களில் எல்லாவற்றையும் இழந்து நின்ற விவசாயிகள், குழம்பு மூடாமல் சாம்பல் மட்டும் மெல்லிசாக விழுந்த இடங்களில் பயிர் முன்பைவிட நன்றாக வருவதைக் கவனித்தார்கள். அப்புறம் சாம்பல் விழாத நிலத்துக்கும் ஒட்டகத்தில் சரளை சுமந்து வந்து, எரு போட்டு, அதன் மேல் பரப்பினார்கள். சில பத்தாண்டுகளில் சரளை மண்ணோடு கலந்து பலன் குறைந்துவிடும். அப்போது எல்லாவற்றையும் ஒதுக்கி மறுபடி எருவிட்டுப் புதிதாகப் பரப்ப வேண்டும். இப்போது அதற்கு ஆள் கிடைப்பதில்லை, பிள்ளைகள் எல்லாம் விடுதி வேலைக்குப் போய்விட்டார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார். அந்த ஊரில் தரிசாகக் கிடக்கும் வயல்களைப் பார்த்தால் அவர் சொல்வது புரியும். எனக்கு மனது கஷ்டமாக இருந்தது. ஒரு பேரழிவு விட்டுப்போன குப்பையை வைத்தே பிழைக்கக் கற்றுக்கொண்ட கை அது.

அதே அறிவின் பெரிய வடிவத்தைப் பார்க்க லா ஹேரியா போங்கள், காரில் கொஞ்ச தூரம்தான். அங்கே சாம்பல் ஆள் உயரத்துக்கும் மேல் கிடக்கிறது. மண் தட்டுப்படும்வரை புனல் மாதிரிக் குழி தோண்டி, குழிக்கு ஒரு திராட்சைக் கொடி நட்டு, காற்று வரும் பக்கம் அரைவட்டமாகக் கல் அடுக்கியிருக்கிறார்கள். அதன் படங்களை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

வீட்டு முற்றத்தில் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். பழைய வீடு என்றால் அடியில் 'அல்ஹிபே' என்ற மழைநீர்த் தொட்டி இருக்கும். கூரையும் முற்றமும் வெள்ளையடித்து, லேசாகச் சரிந்து, ஒவ்வொரு சொட்டும் அதில் விழும்படி கட்டப்பட்டவை. 1960-களில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வரும்வரை தீவே இந்தத் தொட்டிகளை நம்பித்தான் இருந்தது. வறட்சி முற்றினால் வேறு தீவுகளிலிருந்து கப்பலில் தண்ணீர் வந்திருக்கிறது. எங்கள் வீட்டுத் தொட்டி இப்போது செடிகளுக்கு மட்டும். மூடியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே இருட்டு, குளிர்ந்த காற்று, எங்கள் குரல் திரும்பி வந்தது.

நடக்கப் பிடிக்கும் என்றால் ஒரு முழுக் காலையை கல்தேரா பிளாங்காவுக்கு ஒதுக்குங்கள். ஊரிலிருந்தே பாதை ஆரம்பிக்கிறது. 1730-க்கு ரொம்ப முந்தைய எரிமலை அது. புதுக் குழம்பு நாலு பக்கமும் சூழ்ந்ததில் தீவுக்குள் ஒரு தீவாக நிற்கிறது. முதலில் கருங்கல் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை, அப்புறம் ஏற்றம். மேலே போய்ச் சேர்ந்தால் காலடியில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலமான வாய். உச்சி 458 மீட்டர். போய்வர மூன்று நான்கு மணி நேரம். அப்பா அடிவாரத்தோடு நின்றுகொண்டார், நான் மட்டும் ஏறினேன். விளிம்பில் காற்று ஆளைத் தள்ளும், சின்னப் பிள்ளைகளோடு ஏற வேண்டாம். கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ கட்டாயம். நிழல் என்று ஒன்று கிடையாது, தண்ணீரைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.

திமன்ஃபாயா பூங்கா பக்கத்தில்தான். ஆனால் உள்ளே இஷ்டத்துக்கு நடக்க முடியாது, அவர்கள் பேருந்தில்தான் சுற்றிக் காட்டுவார்கள். அதற்கு முன் ஊரிலிருந்து யாய்சா போகும் சாலையில் இருக்கும் விளக்க மையத்துக்குப் போங்கள். இலவசம். எரிமலை எப்படி வெடித்தது என்பதை அங்கே பார்த்துவிட்டுப் போனால் பூங்கா வேறு மாதிரி தெரியும்.

சாப்பாடு. சைவம் என்றால் பயப்பட வேண்டாம், கொஞ்சம் வாய் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். தோலோடு உப்புத் தண்ணீரில் சுருங்கச் சுருங்க வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கு எங்கேயும் கிடைக்கும். தொட்டுக்கொள்ள 'மோஹோ' என்ற காரச் சட்னி, சிவப்பிலும் பச்சையிலும். ஆட்டுப்பால் சீஸ் அருமை. பயறுக் குழம்பில் மட்டும் இறைச்சித் துண்டு கிடக்கலாம், 'சின் கார்னே' என்று முன்பே சொல்லிவிடுங்கள். வறுத்த தானிய மாவு 'கோஃபியோ'வை விட்டுவிடாதீர்கள். அப்பா அதை மோந்து பார்த்தே சத்துமாவு என்று கண்டுபிடித்துவிட்டார்.

கார் எடுப்பதுதான் நல்லது. உள்ளூர்ப் பேருந்து உண்டு, 'குவாகுவா' என்பார்கள், ஆனால் கடற்கரையை விட்டு உள்ளே இருக்கும் ஊர்களுக்கு அடிக்கடி வராது. இரவில் ஊரே அடங்கிவிடும், கடை சீக்கிரம் மூடிவிடும். அதனால் வரும் வழியிலேயே சாமான் வாங்கிவிடுங்கள். சுவெட்டர் எடுத்துப் போங்கள். பகலில் வெயில், பொழுது சாய்ந்தால் காற்று குளிரும்.

மரமும் நிழலும் வேண்டும் என்பவர்களுக்கு வடக்கே அரீயா இன்னும் பிடிக்கலாம். பள்ளத்தாக்கு முழுக்க ஈச்ச மரங்கள். தீவில் உயரமான கட்டடங்களும் விளம்பரப் பலகைகளும் பெருகாமல் தடுக்கப் போராடிய கலைஞர் சேசர் மான்ரீக்கே கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு அங்கேதான், இப்போது அருங்காட்சியகம். அழகான ஊர், மறுக்கவில்லை. ஆனால் மூன்று நாள்தான் கையில் இருக்கிறது என்றால் நான் அந்தக் கறுப்பு வயல்களுக்குத்தான் போவேன்.

நாட்களை ஞாயிற்றுக்கிழமை நடுவில் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை கோயில் பக்கத்தில் விவசாயிகள் சந்தை போடுகிறார்கள், மதியத்துக்குள் முடிந்துவிடும். அப்பா அங்கே ஒவ்வொரு கடையாக நின்று, மொழி தெரியாமலே, கிழங்கைத் தூக்கிப் பார்த்து, மண்ணைத் தேய்த்துப் பார்த்து, இரண்டு கிலோ சர்க்கரைவள்ளி வாங்கினார். விற்ற அம்மா காசு வாங்கிக்கொண்ட பிறகு இன்னும் இரண்டு கிழங்கைப் பையில் போட்டார். மத்தியானம் அதை வேகவைத்து, முற்றத்துத் தொட்டியின் மூடி மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம்.