காலாவதியான செஷனைக் கூட்டிப் பெருக்குவது யார்?

கேள்வி: உபுண்டு சர்வரில் எங்கள் பிஎச்பி தளம் ஓடுகிறது. நேற்றிலிருந்து 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று பிழை வருகிறது. வட்டைப் பார்த்தால் பாதி காலி. எங்கே தவறு?

பதில்: தீர்ந்துபோனது இடமல்ல, ஐநோடு, அதாவது ஒரு கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு. எவ்வளவு சின்னக் கோப்பாக இருந்தாலும் அதற்கு ஒரு ஐநோடு வேண்டும். எக்ஸ்ட்4 முறையில் வட்டை ஃபார்மேட் செய்யும்போதே மொத்தம் எத்தனை என்பது முடிவாகிவிடும். டிஎஃப் கட்டளையை ஐநோடு கணக்கு காட்டும்படி ஓட்டுங்கள், 100% என்று நிற்கும்.

செஷன் என்பது, வந்தவர் யார், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று தளம் வைத்திருக்கும் நினைவு. வழக்கமாக பிஎச்பி ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு கோப்பு எழுதும். பாட்கள் (தானாகப் பக்கங்களைப் படிக்கும் நிரல்கள்), செஷன் எண்ணைத் தாங்கிய குக்கீயைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பாது. அதனால் அவை பக்கம் பக்கமாகப் புரட்டும்போது பக்கத்துக்கொரு புதுக் கோப்பு விழும். பிஎச்பியின் இயல்பான அமைப்பில், செஷன் தொடங்கும் கோரிக்கைகளில் சராசரியாக 100-க்கு ஒன்று பழைய கோப்புகளைக் கூட்டிப் பெருக்கி அழிக்கும். டெபியனும் உபுண்டுவும் அந்த வாய்ப்பை 0 ஆக்கிவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை ஓடும் தனி டைமரிடம் வேலையைக் கொடுத்திருக்கின்றன. அந்த டைமருக்கு பிஎச்பி.ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கும் கோப்புறைதான் தெரியும். நிரலுக்குள் கோப்புறையை மாற்றியிருந்தால் அங்கே பெருக்க ஆளே இல்லை. உங்கள் தளத்திலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போதைக்கு, ஆர்எம் கட்டளையோடு நட்சத்திரம் போட்டால் 'ஆர்கியுமென்ட் லிஸ்ட் டூ லாங்' என்று மறுத்துவிடும். ஃபைண்ட் கட்டளையில் ஒரு நாளுக்கு மேல் தொடப்படாத செஷன் கோப்புகளை மட்டும் தேடி, அதன் டிலீட் வசதியாலேயே அழியுங்கள். தயவுசெய்து கோப்புறையை மொத்தமாகக் காலி செய்யாதீர்கள். அந்த நேரத்தில் உள்ளே இருப்பவரின் பொருட்கூடையும் பாதி நிரப்பிய படிவமும் சேர்ந்தே போகும். அப்புறம், கோப்புறையின் பெயரை பிஎச்பி.ஐஎன்ஐ-க்கே கொண்டுபோங்கள், அல்லது குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலையை நீங்களே போடுங்கள். யார் வந்தாலும் படிக்கிற பக்கங்களில் செஷனைத் தொடங்காமல் இருப்பது இன்னும் நல்லது.

கேள்வி: செஷன் ஆயுளை நிரலில் 8 மணி நேரம் என்று வைத்திருக்கிறேன். அரை மணி டீ குடித்துவிட்டு வந்தால் லாகின் போய்விடுகிறது என்று ஊழியர்கள் சொல்கிறார்கள்.

பதில்: அதே டைமர்தான். அது பார்ப்பது பிஎச்பி.ஐஎன்ஐ-யில் உள்ள 1440 நொடிகளை, அதாவது 24 நிமிடத்தை. நீங்கள் நிரலில் எழுதிய 8 மணி அதன் கண்ணில் படாது. வேறு சர்வர்களிலும் இது வரும். இரண்டு செயலிகள் ஒரே கோப்புறையைப் பகிர்ந்தால், குறைந்த ஆயுள் வைத்திருப்பது மற்றதன் கோப்புகளையும் அழித்துவிடும். செயலிக்கு ஒரு தனிக் கோப்புறை வையுங்கள், ஆயுளை ஐஎன்ஐ-யில் எழுதுங்கள். இன்னொன்று: இந்த எண் 'இதற்குப் பிறகு அழிக்கலாம்' என்பதைத்தான் சொல்கிறது. சரியாக அந்த நொடியில் வெளியேற்ற வேண்டுமென்றால், கடைசியாகத் தொட்ட நேரத்தைச் செஷனுக்குள் எழுதி நீங்களே சரிபாருங்கள்.

கேள்வி: பைத்தான் வலைச் சட்டகமான ஜாங்கோவில், தரவுத்தளத்தின் செஷன் அட்டவணையில் லட்சக்கணக்கான வரிசைகள். தானாக அழியாதா?

பதில்: அழியாது. லாக்அவுட் செய்தவரின் வரிசை போய்விடும். உலாவியை மூடிவிட்டுப் போனவருடையது, 2 வார இயல்பு ஆயுள் முடிந்த பிறகும் அப்படியே கிடக்கும். கிளியர்செஷன்ஸ் என்ற கட்டளை கூடவே வருகிறது, அதைத் தினமும் இரவில் கிரானில் ஓட்டுங்கள். முதல் முறை மட்டும் காலாவதியானவற்றைச் சில ஆயிரம் வரிசைகளாகப் பிரித்து நீங்களே நீக்குவது தரவுத்தளத்துக்கு நல்லது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் என்றால் வரிசை போனவுடன் வட்டில் இடம் கூடாது. காலியான இடத்தைப் புது வரிசைகள் எடுத்துக்கொள்ளும், அது போதும். அந்த இடத்தை வட்டுக்கே மீட்டுத்தரும் வேக்யூம் ஃபுல் கட்டளை அட்டவணையையே பூட்டிவிடும், பகலில் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

கேள்வி: நினைவகத்தில் இயங்கும் தரவுத்தளமான ரெடிஸில் செஷன் வைத்தால் இந்தத் தொல்லை இல்லைதானே?

பதில்: ஆயுளோடு எழுதினால் இல்லை. ஒரு செஷன் சாவியை எடுத்து டிடிஎல் (மீதமுள்ள ஆயுள்) கேளுங்கள். -1 என்று வந்தால் ஆயுள் வைக்கப்படவில்லை, அது தானாகக் காலாவதியாகாது.

கேள்வி: லாக்அவுட் பொத்தானை அழுத்தியதும் குக்கீயை அழித்துவிடுகிறோம். போதாதா?

பதில்: போதாது. இதுவரை பேசியது இடப் பிரச்சினை, இது பயனரின் பாதுகாப்பு. குக்கீயில் இருப்பது செஷனின் எண் மட்டும்தான். அதை முன்பே ஒருவர் நகலெடுத்திருந்தால், சர்வரில் செஷன் உயிரோடு இருக்கும்வரை அவரால் உள்ளே வர முடியும். பிஎச்பியில் மூன்றையும் செய்யுங்கள்: செஷன் மாறியைக் காலி செய்வது, செஷன் டெஸ்ட்ராய், குக்கீயைக் காலாவதியாக்குவது. டெஸ்ட்ராய் தனியாகக் குக்கீயைத் தொடாது. லாகின் ஆனதும் செஷன் எண்ணையும் புதிதாக மாற்றுங்கள்.

தரவு முழுவதையும் கையொப்பமிட்ட குக்கீயிலேயே வைக்கும் முறை (ஃபிளாஸ்க் என்ற பைத்தான் சட்டகத்தின் இயல்பு அதுதான்) பயன்படுத்தினால், சர்வரில் பெருக்க எதுவும் இருக்காது. ஆனால் திருடுபோன குக்கீயைச் செல்லாததாக்கவும் வழி இருக்காது, அதற்கென்று நீங்களே ஒரு பதிவு வைத்திருந்தாலொழிய. பணமோ மருத்துவத் தகவலோ கையாளும் செயலி என்றால், செஷனைச் சர்வரிலேயே வைத்து ஒழுங்காகக் கூட்டிப் பெருக்குவதைத்தான் நான் சொல்வேன்.