லேப்ரடார் (லேப்) நாய்க்குட்டிக்கு இன்ஷூரன்ஸ்: 6,200 ரூபாய் கட்டலாமா, ஆர்டி போதுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். ஒன்பது வார லேப்ரடார் பெண் குட்டியை 22,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறோம். எங்கள் இருவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் 1,15,000. எல்லாச் செலவும் போக 20,000 மிஞ்சும். அவசரத்துக்கென்று 1,20,000 ஒரே எஃப்டியில் (வங்கி நிலை வைப்பில்) இருக்கிறது. ஒரு கம்பெனி ஆபரேஷன், அட்மிஷன் செலவுக்கு 50,000 வரை தருவதாகச் சொல்கிறது. ஆண்டு பிரீமியம் 6,200, கோ-பே, அதாவது க்ளெய்மில் நாங்கள் ஏற்க வேண்டிய பங்கு, 20 சதவீதம். ஓபிடி (அட்மிஷன் இல்லாமல் டாக்டரிடம் காட்டும் செலவு) சேர்த்தால் 2,400, இறப்புக் காப்பீடு 1,100, மூன்றாம் நபர் பொறுப்பு (நாயால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான நஷ்டஈடு) 700 கூடுதல். மூன்று மாதம் முடிந்த குட்டியைத்தான் சேர்ப்பார்களாம். நோய்களுக்கு அதன்பின் 30 நாள் காத்திருப்பு. மனைவி எல்லாவற்றையும் எடுக்கச் சொல்கிறார். அந்தக் காசை ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பில்) போட்டால் போதாதா என்பது என் எண்ணம்.

பதில்: 6,200 ரூபாய் பாலிசியையும் 700 ரூபாய் மூன்றாம் நபர் பொறுப்பையும் எடுங்கள். மற்ற இரண்டும் வேண்டாம். ஆனால் பாலிசிக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முதலில் உங்கள் ஆர்டி கணக்கு. மாதம் 520 ரூபாய் போட்டால் ஓராண்டு முடிவில் அசல் 6,240. ஐந்து ஆண்டு போனால் 31,200, அதோடு கொஞ்சம் வட்டி. திட்டம் நல்லதுதான். ஆனால் லேப் குட்டி சாக்ஸை விழுங்குவதற்கு ஐந்தாம் ஆண்டு வரை காத்திருக்காது, ஆறாம் மாதமே விழுங்கிவிடும். இந்த இனத்துக்கு வாயில் வைத்ததெல்லாம் சாப்பாடு. குடலில் துணி அடைத்தால் ஸ்கேன், மயக்க மருந்து, ஆபரேஷன், நாலைந்து நாள் ட்ரிப்ஸ் என்று தனியார் ஆஸ்பத்திரியில் பில் ஏறும்போது உங்கள் ஆர்டியில் 3,000 ரூபாய்தான் இருக்கும். உங்கள் மாதச் செலவு 95,000. அவசர நிதியோ ஒன்றேகால் மாதத்துக்குத்தான் வரும். ஐந்தாறு லட்சம் கைவசம் வைத்திருப்பவருக்கு இந்தப் பாலிசி தேவையில்லை என்று சொல்லிவிடலாம். உங்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

பாலிசி எடுத்துவிட்டோம், இனி கவலையில்லை என்று உங்கள் மனைவி நினைத்தால் அதிலும் ஓட்டை உண்டு. மனிதர்களுக்கான மெடிக்ளெய்மில் கார்டை நீட்டிப் பழகியிருப்போம். நாய் பாலிசியில் பெரும்பாலும் நீங்கள் பில்லைக் கட்டிவிட்டு, பிறகு கேட்டுத்தான் வாங்க வேண்டும். உதாரணமாக 40,000 பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உணவு, குளியல், பாலிசியில் வராத பொருட்கள் என்று 4,000 கழித்தால் மீதி 36,000. அதில் 20 சதவீத கோ-பே 7,200. உங்கள் கணக்குக்கு வருவது 28,800. ஆக 11,200 முழுக்க உங்களுடையது. 28,800-ம் முதலில் உங்கள் கையிலிருந்துதான் போகும், க்ளெய்ம் முடிந்தபின்தான் திரும்பும்.

அதனால் முதல் வேலை, எஃப்டியில் 30,000-ஐப் பிரித்து நாயின் பெயரைச் சொல்லித் தனியாக வைப்பது. எஃப்டி பணத்தைச் சேமிப்புக் கணக்கு வழியாக நள்ளிரவிலும் எடுக்கக்கூடிய ஸ்வீப்-இன் கணக்காக இருந்தால் நல்லது. மிஞ்சும் 20,000-லிருந்து மாதம் 3,000 போட்டால் பத்து மாதத்தில் பழைய 1,20,000 நிரம்பிவிடும்.

இதை இந்த வாரமே செய்யச் சொல்வதற்குக் காரணம் குட்டியின் வயது. இப்போது ஒன்பது வாரம். மூன்று மாதம் முடிய 13 வாரம். அன்றே பாலிசி எடுத்தாலும் 30 நாள் காத்திருப்பு முடிய 17 வாரம் தாண்டிவிடும். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு வைரஸ் நோய்களும் குட்டிகளைக் கொண்டுபோவது பெரும்பாலும் தடுப்பூசி வரிசை முடியாத இந்த வாரங்களில்தான். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டே வரும். அது இருக்கும்வரை ஊசியின் பலனையும் அதுவே கெடுக்கும். அதனால்தான் ஒரே ஊசியோடு விடாமல் மூன்று, நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை போடுகிறார்கள். மூன்று மாத வாக்கில் ரேபிஸ் (வெறிநோய்) ஊசி. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால் கடைசி டோஸ் போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை அல்சூர் ஏரிக்கரை, பார்க், பிற நாய்கள் நடக்கும் தெருவோரம் எதிலும் இறக்கிவிடாதீர்கள். இந்த எட்டு வாரத்துக்கு உங்கள் இன்ஷூரன்ஸ் அந்த 30,000-தான். பில் கைமீறிப் போனால் ஹெப்பாளில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. தனியாரைவிடக் கட்டணம் குறைவு, வரிசை நீளம்.

ஓபிடி ஏன் வேண்டாம்? 2,400 கட்டினால் என்ன வரம்பு என்று நீங்கள் எழுதவில்லை. 5,000 என்று வைத்துக்கொண்டால் கோ-பே போக அதிகபட்சம் 4,000 கிடைக்கும். வரம்பு முழுவதையும் காலி செய்தால்தான் 1,600 லாபம். அதற்கு ஒவ்வொரு சீட்டையும் அனுப்ப வேண்டும். தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து போன்ற வழக்கமான செலவுகள் பொதுவாக அதில் வரவே வராது. இறப்புக் காப்பீடு நாயை வைத்துத் தொழில் செய்பவருக்கு. அவர்கள் பார்ப்பது வாங்கிய விலையை. பாசத்துக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

மூன்றாம் நபர் பொறுப்பு விலைக்குத் தகுந்த சரக்கு. லிஃப்டில் ஒருவர் மேல் பாய்ந்து அவர் விழுந்தால் நஷ்டஈடு கேட்க வாய்ப்பு உண்டு. நாயை அஜாக்கிரதையாக வைத்திருந்ததற்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமிருக்கிறது. அந்த அபராதத்தைப் பாலிசி கட்டாது, நஷ்டஈட்டைத்தான் பார்க்கும். வீட்டு வேலைக்கு வருகிறவரைக் கடித்தால் சேருமா, நாய்க்கு மாநகராட்சி லைசென்ஸ் இல்லாவிட்டால் மறுப்பார்களா என்று கேளுங்கள்.

பணம் கட்டுமுன் இன்னும் இரண்டு கேள்விகளுக்கு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். போனில் ஏஜென்ட் சொல்லும் "எல்லாம் கவர் ஆகும் சார்" க்ளெய்ம் நேரத்தில் உதவாது. முதலாவது, ஹிப் டிஸ்பிளேசியா. இடுப்பு எலும்புப் பந்து கிண்ணத்தில் சரியாக உட்காராத இந்தக் கோளாறு லேப்களுக்குச் சகஜம். பரம்பரைக் கோளாறு என்று ஒதுக்கியிருக்கிறார்களா, தனிக் காத்திருப்பு உண்டா? இரண்டாவது, பயோமெட்ரா. கருத்தடை செய்யாத பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கோத்துக்கொள்ளும். உடனே கருப்பையை எடுக்க வேண்டும். கருத்தடைக்கும் கிட்டத்தட்ட இதே ஆபரேஷன்தான் என்பதால், கருத்தடையும் இனப்பெருக்கச் செலவும் கிடையாது என்ற வரியைக் காட்டி இதையும் மறுக்க வழியிருக்கிறது. மனிதர்களின் மெடிக்ளெய்முக்குக் கிடைக்கும் 80டி வருமான வரிச்சலுகை நாயின் பிரீமியத்துக்குக் கிடையாது. வயது ஏறினால் பிரீமியம் எவ்வளவு, எந்த வயதுக்கு மேல் புதுப்பிக்க மாட்டார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் விட்டுப்போனால் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். பாலிசிக்கு முன்பே டாக்டர் சீட்டில் "லேசாக நொண்டுகிறது" என்று இருந்து, நீங்கள் அதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் வரும் மூட்டுச் செலவு முழுவதும் கேள்விக்குள்ளாகும். நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் போட்டு அதன் 15 இலக்க எண்ணைப் பாலிசியிலும், ஒவ்வொரு பில்லிலும் எழுத வையுங்கள். கறுப்பு லேப் எல்லாம் போட்டோவில் ஒன்றுபோலத்தான் இருக்கும். யுபிஐ ஸ்கிரீன்ஷாட் பில் ஆகாது. மருந்துவாரியான பில், டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை ரிப்போர்ட், டாக்டரின் பதிவு எண் நான்கும் வேண்டும்.

தடுப்பூசிப் புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். குட்டியைக் கொடுத்தவர் பேனாவில் தேதி மட்டும் எழுதியிருந்தால் க்ளெய்மில் அதை ஊசி போட்டதற்கான சான்றாக ஏற்பது சந்தேகம். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், டாக்டர் கையெழுத்து, முத்திரை மூன்றும் இருக்க வேண்டும். இல்லையென்றால் குட்டியை டாக்டரிடம் காட்டி, வரிசையை முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று கேளுங்கள்.