ஏற்காட்டுக்கும் ஐந்து ரோட்டுக்கும் ஒரே மேனுவல் காரு, எது?

கேள்வி: வீடு சேலம் கன்னங்குறிச்சிங்க. வாரத்துல மூணு நாள் ஏற்காட்டுல எஸ்டேட் ஆபீஸ், மூணு நாள் ஐந்து ரோடு பக்கத்துல டவுன் ஆபீஸ். இத்தனை நாள் ஸ்கூட்டர்லயே ஏறி இறங்கிட்டேன், இனி மழைக்கும் பனிக்கும் முடியல. டேக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து ஆன்ரோடு 11 லட்சம் வரைக்கும் போடலாம், ரொம்ப இழுத்தா 12. கியர் போட்டு ஓட்டத்தான் எனக்குப் புடிக்கும். அண்ணன் என்னடான்னா, "மலைக்கு ஆட்டோமேட்டிக்தான், பொம்பளப் புள்ள எதுக்கு கிளட்சோட மல்லுக்கட்டணும்"ங்கறாரு. ஞாயித்துக்கெழம அம்மாவ கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும், அவங்களுக்கு முழங்கால் வலி. ஓட்டறதுக்கு ஜாலியாவும் இருக்கணும், தினசரிக்கும் ஒத்து வரணும். எது எடுக்கலாம்?

பதில்: ஏம்மா, ஸ்கூட்டர்லயே வாரம் மூணு தடவ 20 ஹேர்பின் ஏறி இறங்கின ஆளுக்கு கிளட்ச் ஒரு விஷயமா? அண்ணன் பாசத்துல சொல்றாரு, ஆனா அவரு சொல்றதுல பாதிதான் சரி. நல்ல டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்னா, அதாவது கிளட்சுக்குப் பதிலா ஆயில் வழியா எஞ்சின் பவர கியர்பாக்ஸுக்குக் கடத்தற வகைன்னா, மலை சொகமாத்தான் இருக்கும், அது உங்க பட்ஜெட்டுக்குள்ள கெடைக்கறது கம்மி. இந்த வெலைக்கு ஷோரூம்ல ஆட்டோமேட்டிக்னு நீட்டறது பெரும்பாலும் ஏஎம்டி, அதாவது நம்ம மேனுவல் கியர்பாக்ஸேதான், கிளட்ச மட்டும் மெஷினு மிதிக்கும். வளைவுக்கு முன்னாடி நீங்க ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா அது "ஓ, வேகம் வேணாம் போல"ன்னு நெனச்சுட்டு மேல் கியருக்குப் போயிடும், வளைவுக்குள்ள திரும்பி நீங்க மிதிக்கும்போது ஒரு செகண்ட் யோசிச்சுட்டு மறுபடி கீழ் கியருக்கு வரும், அந்த ஒரு செகண்ட்ல எதுக்க பஸ்ஸு மூக்க நீட்டிட்டு நிக்கும். மேனுவல் மோடுல போட்டு ஓட்டலாம்தான், அப்பறம் எதுக்கு ஏஎம்டின்னு நீங்களே கேப்பீங்க. அதனால மேனுவல் எடுங்க, தயக்கமே வேணாம்.

இருபது வருஷத்துக்கு மேல ஒர்க்‌ஷாப்ல கெடந்தவன் நான், எத்தனையோ பேருக்கு வண்டி பாத்துக் குடுத்திருக்கேன். ஜாலியான வண்டின்னு கேட்டு வர்றவங்க எல்லாரும் மொதல்ல கேக்கறது எத்தன பிஎஸ் பவருன்னு. உங்க ரூட்ட கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கன்னங்குறிச்சில இருந்து அஸ்தம்பட்டி வழியா ஐந்து ரோடு, காலைல எட்டே முக்காலுக்கு, ஸ்கூல் வேன், ஷேர் ஆட்டோ, டவுன் பஸ்ஸு. மூணாவது கியரு போட்டாலே பெரிய விஷயம். மலையில அடிவாரம் தாண்டினா செகண்டும் தேர்டும்தான், வளைவுல ஃபர்ஸ்ட். ஆக உங்க ஓட்டம் மொத்தமும் மணிக்கு 50 கிலோமீட்டருக்குள்ள. அந்த வேகத்துல சிரிப்பு வரவைக்கறது மூணே மூணு சமாச்சாரம்: வண்டி எடை கம்மியா இருக்கணும், கியர் லிவரு வெண்ணெய்ல கத்தி எறங்கற மாதிரி விழணும், கிளட்ச் எங்க புடிக்குதுன்னு கால் சொல்லணும். 120 பிஎஸ்ஸும் 180 கிலோமீட்டர் ஸ்பீடும் சங்ககிரி பைபாஸ்ல ஞாயித்துக்கெழம காத்தால ஓட்டறவனுக்கு வேணா ஒதவும்.

சரி, மலை விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இதுல தப்பு பண்ணித்தான் நெறைய பேரு வந்து பொலம்புவாங்க. சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டரு, ஏற்காடு 1500 மீட்டருக்குப் பக்கம். மேல போகப் போக காத்து லேசாகும், 1500 மீட்டர்ல கடல் மட்டத்த விட கிட்டத்தட்ட 14 சதவீதம் அடர்த்தி கம்மி. டர்போ இல்லாத எஞ்சின் உள்ள இழுக்கற காத்தும் அதே அளவு கொறையும், பவரும் கூடவே எறங்கும். 82 பிஎஸ்னு பேப்பர்ல இருக்கற வண்டி மேல வந்ததும் சுமார் 70 பிஎஸ் வண்டி. டர்போ காத்த அமுக்கி உள்ள தள்ளறதுனால அதுக்கு இந்தத் தொல்லை பெருசா தெரியாது.

இதக் கேட்டதும் "அப்ப டர்போதான்"னு முடிவு பண்ணிடாதீங்க, இங்கதான் சின்னக் கொக்கி. உங்க பட்ஜெட்டுக்கு வர்ற டர்போ பெரும்பாலும் ஒரு லிட்டர், மூணு சிலிண்டரு. டர்போ சுத்தி வேகம் புடிக்கற வரைக்கும், சுமார் 1800 ஆர்பிஎம் (எஞ்சின் நிமிஷத்துக்கு சுத்தற சுத்து) வரைக்கும்னு வெச்சுக்கோங்க, அது வெறும் ஒரு லிட்டர் எஞ்சின்தான், அந்த எடத்துல 1.2 லிட்டர் சாதா எஞ்சின விட தம் கம்மி. ஹேர்பின்ல என்ன நடக்கும்? முன்னாடி லோடு வண்டி மெதுவா திரும்புது, நீங்க செகண்ட் கியர்ல 15 கிலோமீட்டருக்கு வந்துட்டீங்க, எஞ்சின் 1200, 1300ல முனகுது, மிதிக்கறீங்க, ஒண்ணும் இல்ல, இன்னும் மிதிக்கறீங்க, வண்டி உதறுது, பின்னாடி ஹார்ன் அடிக்கறான், பதட்டத்துல ஹாஃப் கிளட்ச் போட்டு ஏத்தறீங்க, தீஞ்ச நாத்தம். ஃபர்ஸ்டுக்கு மாத்தினா ஜம்முனு போயிருக்கும். வளைவு தாண்டி நேர் ஏத்தத்துல ஆர்பிஎம் ஏறினதும் அதே டர்போ வண்டி ரெண்டு பேரோட பறக்கும், சாதா எஞ்சின் அங்க உறுமிக்கிட்டு வரும். ரெண்டுக்கும் ஒரு எடத்துல கஷ்டம், ஒரு எடத்துல சொகம், அவ்ளோதான்.

இப்ப வண்டிங்க. மனசுல மொதல்ல வர்றது மாருதி ஸ்விஃப்ட். 2024 மே மாசம் வந்த புது மாடல்ல நாலு சிலிண்டர எடுத்துட்டு மூணு சிலிண்டர் 1.2 எஞ்சின் போட்டுட்டாங்க, 82 பிஎஸ், 112 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுக்கற தெம்பு. பழசு 90 பிஎஸ், அதோட ஒப்பிட்டு நெட்டுல நெறைய பேரு திட்டுறாங்க, மேல் ஆர்பிஎம்ல பழசு சூப்பர்தான், மறுக்கல. ஆனா புதுசு கீழ் ஆர்பிஎம்ல நல்லா இழுக்குது, நம்ம டவுனுக்கு அதான வேணும். எடை சுமார் 920 கிலோ, அதனால மலையில பவர் கொறஞ்சாலும் தூக்கறதுக்கு பாரமும் கம்மி. கிளட்ச் பஞ்சு மாதிரி, ஸ்டியரிங் டவுன்ல ஒத்த விரல்ல திரும்பும், ஆறு ஏர்பேக்கும் ஏத்தத்துல பின்னால உருளாம புடிச்சு நிக்கற ஹில் ஹோல்டும் எல்லா வேரியண்ட்லயும் உண்டு. கொறைன்னா டிக்கி 265 லிட்டர்தான், சீட்டு கொஞ்சம் தாழ்வு.

அடுத்து அதே மாருதியோட ஃபிராங்ஸ் டர்போ. 100 பிஎஸ், 148 நியூட்டன் மீட்டர், 5 கியர் மேனுவல். சீட்டு ஒசரம், அம்மா குனியாம அப்படியே உக்காரலாம், அது பெரிய பிளஸ். மலையில வளைவுக்கும் வளைவுக்கும் நடுவுல இது ஓடற ஓட்டம் ஸ்விஃப்ட்டால முடியாது. ஆனா வளைவுல திரும்பறப்ப ஸ்விஃப்ட் குடுக்கற அந்த சுறுசுறுப்பு இதுல ஒரு படி கம்மிதான், ஒசரம் ஏறினா ஒடம்பு கொஞ்சம் சாயத்தான செய்யும். பின்னாடி கூரை சரிஞ்சு வர்றதால ஒசரமானவங்களுக்கு தல இடிக்கும்.

ஹூண்டாய் ஐ20 என் லைன் பத்தி கேக்காமயே சொல்றேன், ஏன்னா நாளைக்கு யாராவது உசுப்பேத்துவாங்க. 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர், 6 கியர் மேனுவல், நாலு வீல்லயும் டிஸ்க் பிரேக். இந்த லிஸ்ட்ல பெஸ்ட் டிரைவர்ஸ் கார் இதான், சத்தியமா. ஆனா சஸ்பென்ஷன் கொஞ்சம் கட்டி, சீட்டு தாழ்வு, தினம் அஸ்தம்பட்டி டிராஃபிக்ல அந்த 120ல பாதியக் கூட தொட மாட்டீங்க. அம்மா முழங்கால நெனச்சா எனக்கு மனசு வரல. ஃபோக்ஸ்வேகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா எல்லாம் அருமையான கியர்பாக்ஸ், உங்க பட்ஜெட்ட ரொம்ப இழுக்கும், டெஸ்ட் டிரைவ் கூட போயிடாதீங்க, தூக்கம் கெடும். பழைய ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டர்போ வாங்கலாமான்னு ஒரு கூட்டம் கெளம்பும், 2022லயே நின்னு போன வண்டி, ஆசைக்கு ரெண்டாவது வண்டியா வெச்சுக்கலாம், தினசரிக்கு ஒரே வண்டியா வேணாம். டீசலும் வேணாம், டவுன் நாள்ல அஞ்சாறு கிலோமீட்டர் ஓட்டமா ஓட்டினா பிஎஸ்6 டீசலோட புகை ஃபில்டரு சூடேறி சுத்தமாகறதுக்கு நேரமே கெடைக்காது, அடைச்சுக்கும்.

காசு விஷயத்துல ஒண்ணு மட்டும் நல்லா கேட்டுக்கோங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்னக் கார் ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆயிடுச்சு, அது நமக்கு நல்லது. ஆனா தமிழ்நாட்டு ரோடு டேக்ஸ்ல 10 லட்சத்துல ஒரு கோடு இருக்கு. வண்டி வெல 5ல இருந்து 10 லட்சம்னா 13 சதவீதம், 10 தாண்டினா 18. அதாவது 9 லட்சத்து 90 ஆயிரம் வண்டிக்கு டேக்ஸ் சுமார் 1 லட்சத்து 29 ஆயிரம், 10 லட்சத்து 10 ஆயிரம் வண்டிக்கு 1 லட்சத்து 82 ஆயிரம். வெலயில 20 ஆயிரம் வித்தியாசம், டேக்ஸ்ல 53 ஆயிரம். சேல்ஸ்மேன் "கொஞ்சம் மேல போட்டா டாப் வேரியண்ட் மேடம்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லும்போது இந்தக் கணக்கு மண்டையில ஓடணும். சன்ரூஃப்புக்காக அரை லட்சம் டேக்ஸ் கட்டினவரு என் சொந்தத்துலயே இருக்காரு, ஏற்காட்டு மழையில அதத் தொறந்ததே இல்ல.

டெஸ்ட் டிரைவ் எப்படிங்கறதுதான் முக்கியம். ஷோரூம்காரங்க பைபாஸ்ல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போய் ஏசிய ஃபுல்லா வெச்சு பாட்டு போட்டு திருப்பிக் கொண்டு வந்து விட்டுருவாங்க, அது டெஸ்ட் டிரைவே இல்ல. கோரிமேடு தாண்டி அடிவாரம், மொத ரெண்டு மூணு வளைவு வரைக்கும் போகணும்னு புக்கிங்குக்கு முன்னாடியே கண்டிஷனா சொல்லுங்க, விக்கணும்னா வருவாங்க. முடியாதுன்னா சாயங்காலம் ஆறு மணிக்கு ஐந்து ரோடு மேம்பாலத்து ஏத்தத்துல நிறுத்தி எடுத்துப் பாருங்க. உக்காந்ததும் எஞ்சின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எடது கால்ல கிளட்ச முழுசா மிதிங்க, மிதிச்ச பெறகும் முழங்கால் லேசா மடங்கியே இருக்கணும், கால் நீட்டி எட்டிப் புடிக்கற மாதிரி இருந்தா சீட்ட முன்ன இழுங்க, அப்படி இழுத்தா ஸ்டியரிங் நெஞ்சுல முட்டுதுன்னா அந்த வண்டி உங்க ஒடம்புக்கு இல்ல, எவ்ளோ புடிச்சிருந்தாலும் சரி. அப்பறம் ஆக்சிலேட்டர தொடாம கிளட்ச மட்டும் மெதுவா விடுங்க, வண்டி எந்த எடத்துல நகருதுன்னு கால் கவனிக்கட்டும், மூணு தடவ பண்ணினா நாலாவது தடவ கால் தானா அந்த எடத்துல போய் நிக்கணும். நிக்கலன்னா ஐந்து ரோடு சிக்னல்ல தினம் அழுகைதான். கடைசியா தேர்டுல 30ல வந்து செகண்டுக்கு எறக்குங்க, லிவர் தடுக்காம விழுதா, இல்ல எலும்பு முறியற மாதிரி சத்தம் போடுதான்னு பாருங்க. மலையில அந்த ஒரு மாத்தத்த ஒரு நாளைக்கு நாப்பது தடவ பண்ணப் போறீங்க.

வண்டி வந்த பெறகு எறக்கத்துலதான் மேனுவலோட அரும புரியும். ஏறுன கியர்லயே எறங்குங்க, செகண்ட்ல விட்டா எஞ்சினே வண்டிய புடிச்சுக்கும், பிரேக் தொட்டுத் தொட்டு எடுத்தா போதும். நியூட்ரல்ல உருட்டி பெட்ரோல் மிச்சம் புடிக்கறேன்னு எறங்கி அடிவாரத்துல பிரேக்ல புகையோட நிக்கறவங்கள நான் நெறையவே பாத்திருக்கேன், மிச்சம் புடிச்சது அம்பது ரூபா இருக்குமா? இப்ப வர்ற எஞ்சின்ல கியர்ல போட்டு கால எடுத்தா பெட்ரோல் தானா கட் ஆகும், நியூட்ரல்ல போட்டாத்தான் எஞ்சின உயிரோட வைக்க பெட்ரோல் குடிக்கும். பிரேக் ஆயில ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க, மலை வண்டிக்கு அத தள்ளிப் போடக் கூடாது. ஓடும்போது எடது கால கிளட்ச் மேல வெச்சுக்கிட்டே வர்ற பழக்கம் மட்டும் வேணாம், என் மச்சான் அப்படி வெச்சு வெச்சே 18 ஆயிரம் கிலோமீட்டர்ல பிளேட்ட முடிச்சுட்டு கம்பெனிய திட்டினான். ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணுங்கறது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பனி எறங்கின நாள்ல காட்டெருமைக்கும் வழி விடுங்க, அதுக்கு ஹார்னும் தெரியாது ரூலும் தெரியாது.

என் ஓட்டு ஸ்விஃப்ட் மேனுவலுக்கு. நடு வேரியண்ட் போதும், 10 லட்சக் கோட்டுக்கு ரொம்பக் கீழயே முடிஞ்சுரும், மிச்சத்துல நல்ல டயரும் இன்சூரன்ஸும் போட்டுக்கலாம். அம்மாவுக்கு முன் சீட்ட முழுசா பின்ன தள்ளிட்டு மொதல்ல உக்காந்துட்டு அப்பறம் ரெண்டு காலையும் சேத்து உள்ள எடுக்கச் சொல்லுங்க, சமாளிப்பாங்க. அப்படியும் எறங்கும்போது அவங்க கதவப் புடிச்சு எழுந்தா பேசாம ஃபிராங்ஸ் டர்போ எடுத்துருங்க, கோட்டுக்குள்ள எந்த வேரியண்ட் வருதோ அது. ரெண்டயும் ஒரே நாள்ல, ஒரே ரோட்டுல, அம்மாவ முன்னாடி உக்கார வெச்சு ஓட்டிப் பாருங்க. அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க, பின் சீட்ல. தல இடிக்குதான்னு பாக்கறதுக்கு ஆள் வேணுமில்ல.